ரயிலுக்காக ஓடாதவன்

மாரடைப்பில் பிழைத்த என்னை, தினமும் மெல்ல ஓடச் சொல்லியிருக்கிறார் டாக்டர்.

தெரு நாய்கள் விடவில்லை. அதனால் இன்று விடியற்காலையில் தாம்பரம் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் ஓடினேன்.

புறப்படவிருந்த மின்சார ரயிலில் ஒரே கூச்சல்.

"சீக்கிரம் வா சார்! கார்டாண்ட சொல்லிகீறோம், வண்டி நிக்குது!"

கார்டும் கொடியை மடக்கிக்கொண்டு எனக்காகக் காத்திருந்தார்.

இத்தனை பேர் கை நீட்டும்போது, சும்மாதான் ஓடுகிறேன் என்று எப்படிச் சொல்வது? அரை டிராயரும் பிளாட்பாரம் டிக்கெட்டுமாக ஏறிவிட்டேன்.

மூச்சு வாங்குவதைப் பார்த்து ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார்.

"இது போனா அடுத்த வண்டி வரும் சார். உடம்பு முக்கியம், இனிமே ஓடாத."

தலையாட்டினேன். அடுத்த ஸ்டேஷனில் இறங்கி, அவர் கண்ணுக்கு மறைந்த பிறகு, நாய்கள் துரத்த வீடுவரை ஓடினேன்.

நாளையும் வண்டியை நிறுத்தி வைப்பார்களே! என்ன செய்யலாம்? தபாலில் எழுதுங்கள்.