நாலாயிரத்து முன்னூற்றுப் பதினாறு சீர் மாடுகள்

சமரீனை நான் திட்டாத நாள் என்று ஒன்று இருந்தால், அது அவள் லீவு போட்ட நாளாகத்தான் இருக்கும். எனக்கு முன்கோபம். தர்மபுரியில் ஒரு பெரிய தனியார் பால் கம்பெனியில் கொள்முதல் மேனேஜர் நான், பெயர் கதிரவன். கம்பெனியின் பெயர் வேண்டாம். மூன்று மாவட்டம், பால் வாங்கும் எழுநூறு சென்டர், பால் ஊற்றும் உறுப்பினர்கள் அறுபத்தோராயிரத்துத் தொள்ளாயிரத்து எட்டுப் பேர். இந்த எண் எனக்கு ஏன் மனப்பாடம் என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

சமரீன் மாரண்டஹள்ளிக்காரி. அப்பா மஸ்தான் அங்கே தக்காளி மண்டி வைத்திருந்தார். அதனால் சின்ன வயதிலிருந்தே விவசாயிகளோடு பேசிப் பழகியவள். பி.எஸ்சி. கம்ப்யூட்டர் படித்துவிட்டுப் பதினாறு வருடங்களுக்கு முன் எங்களிடம் டேட்டா என்ட்ரி வேலைக்கு வந்தாள். பிறகு சர்வர் ரூம் முழுவதும் அவள் பொறுப்பு. சர்வர் ரூம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். பாய்லருக்குப் பக்கத்தில் ஒரு அறை, இரண்டு ஏசி, அலமாரி உயரத்துக்கு மூன்று பெட்டிகள். ஏசி நின்றால் பெட்டிகள் படுத்துவிடும். பெட்டிகள் படுத்தால் எழுநூறு சென்டரிலும் ஊற்றிய பாலுக்குச் சீட்டு வராது. சீட்டு வராவிட்டால் நான் கத்துவேன். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "பத்து நிமிஷம் குடுங்க சார்" என்பாள். ஒன்பதாவது நிமிடம் சீட்டு வந்துவிடும். அந்த ஒரு நிமிடத்துக்காகவும் எனக்கு அவள்மேல் கோபம் வரும்.

போன வருடம் சென்னைத் தலைமை அலுவலகம் ஒரு முடிவெடுத்தது. சர்வர் ரூமை மூடிவிட்டு எல்லாவற்றையும் கிளவுடுக்கு மாற்றுவது. ஆபீசில் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். பால் வேன் டிரைவர்களுக்குச் சமரீன் சொன்ன விளக்கம்தான் எனக்கும் புரிந்தது.

"நம்ம வூட்டுக் கிணத்தை மூடிட்டு ஊர்க் குழாய்ல தண்ணி புடிக்கப் போறோம், அவ்ளோதான். எவ்ளோ புடிக்கிறமோ அவ்ளோக்குக் காசு. மோட்டார் ரிப்பேரானா அது அவங்க தலைவலி."

"குழாய்ல தண்ணி வரலைன்னா?" என்றேன் நான்.

"ரெண்டு ஊர்ல இருந்து குழாய் போட்டிருக்காங்க சார். ஒண்ணு நின்னா இன்னொண்ணு வரும். உங்களுக்குக் கத்துறதுக்கு வேற காரணம் தேட வேண்டியதுதான்."

சர்வர் ரூம் போனால் சமரீனுக்கும் வேலை போய்விடும் என்று கேன்டீனில் பேச்சு ஓடியது. அவள் காதுக்கும் போனது. "வேலை போறது சர்வருக்கு, எனக்கில்லை" என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்து முடித்தாள். மாரண்டஹள்ளியிலிருந்து தர்மபுரி வரும் பஸ்ஸில் ஒரு வருடம் உட்கார்ந்து படித்தாள். உட்கார இடமில்லாத நாளில் கம்பியைப் பிடித்துக்கொண்டு படித்தாள். இரண்டு பரீட்சை எழுதி இரண்டிலும் தேறி, எனக்கும் சேர்த்து மைசூர்பாகு கொண்டுவந்து வைத்தாள். வாய் நிறைய இனிப்பு இருந்ததால் அன்று நான் ஒன்றும் சொல்லவில்லை.

மாற்றும் வேலை எட்டு மாதம் நடந்தது. பெங்களூரிலிருந்து ரஞ்சித்குமார் என்று ஒரு பொறியாளர் வந்தார். கெட்டிக்காரர், சாப்பாட்டு நேரத்திலும் லேப்டாப்பை மூட மாட்டார். முதலில் வருகைப்பதிவு, பிறகு வண்டிக் கணக்கு, ஸ்டோர் என்று ஒவ்வொன்றாக மாற்றினார்கள். வீடு மாற்றும்போது எரிகிற அடுப்பைக் கடைசியில்தானே எடுப்போம்? அதுபோல் பால் கொள்முதலைக் கடைசிக்கு வைத்தார்கள். மாடு லீவு போடாது. காலைப் பால் கணக்கு பத்தரைக்கு முடியும், சாயந்திரப் பால் நாலரைக்கு ஆரம்பிக்கும். நடுவில் இருக்கும் ஆறு மணி நேரத்தில் அறுபத்தோராயிரத்துச் சொச்சம் பேரையும் தூக்கி அங்கே வைக்க வேண்டும். பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்று நான்தான் ஒரு புதன்கிழமையைக் குறித்துக் கொடுத்தேன்.

அந்தப் புதன்கிழமை பன்னிரண்டு மணி பத்து நிமிடத்துக்கு ரஞ்சித்குமார் நாற்காலியில் சாய்ந்தார். "முடிஞ்சுது மேடம். கிளீனா ஏறிடுச்சு."

எல்லாரும் கை தட்டினோம். நான் போண்டா சொல்லி அனுப்பினேன். சமரீன் மட்டும் கை தட்டவில்லை.

"மொத்தம் எத்தனை பேருங்க?"

"அம்பத்தேழாயிரத்து ஐந்நூத்தி அம்பத்தேழு."

"அங்கிருந்து அனுப்புனது அறுபத்தோராயிரத்துத் தொள்ளாயிரத்து எட்டு. நாலாயிரத்து முன்னூத்தி அம்பத்தொரு பேர் எங்க போனாங்க?"

"டூப்ளிகேட் மேடம். ஒரே ரேஷன் கார்டுல ரெண்டு நம்பர் இருந்துச்சு. ரெண்டையும் ஒண்ணாச் சேத்துட்டோம். கார்டுக்கு ஒருத்தர்தானே உங்க ரூல்? லிஸ்ட் அனுப்பி அப்ரூவலும் வாங்கிட்டமே."

"யாரு அப்ரூவ் பண்ணினது?"

ரஞ்சித்குமார் என்னைப் பார்த்தார். ஐயோ, என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. பத்து நாள் முன்பு ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருந்தபோது அந்த மெயில் வந்தது. தொண்ணூற்று மூன்று பக்கம். வலது கையில் சாம்பார் சாதம், இடது கை விரலால் 'ஓகே' என்று அடித்து அனுப்பிவிட்டேன்.

சமரீனுக்கு முகம் வெளுத்துவிட்டது. பதினாறு வருடத்தில் அவளை அப்படி நான் பார்த்ததில்லை. "அது டூப்ளிகேட் இல்லீங்க சார். அதெல்லாம் சீர் மாடு" என்றாள்.

எங்கள் பக்கம் பெண்ணைக் கட்டிக்கொடுக்கும்போது தாய்வீட்டில் ஒரு மாடு சீராகக் கொடுப்பார்கள். அந்த மாடும் அது போடும் கன்றுகளும் அவளுக்குத்தான். மாமியாரே ஆனாலும் அதில் வாய் திறக்க முடியாது. மாடு அவளுடையது, சரி. பால்? கம்பெனி விதிப்படி ஒரு ரேஷன் கார்டுக்கு ஒரு உறுப்பினர் நம்பர், அது பெரும்பாலும் புருஷன் பெயரில் இருக்கும், பால் காசும் அவனுக்கே போகும். பன்னிரண்டு வருடங்களுக்கு முன் வத்தல்மலையிலிருந்து தங்கம்மாள் என்ற பெண் கீழே இறங்கி வந்து சமரீனின் மேசைக்கு முன்னால் நின்றிருக்கிறாள். "ஏம்மா, மாடு எங்கப்பன் குடுத்தது. தீனி போடறது நானு, பீச்சறது நானு. பாலு மட்டும் அந்தாளு பேர்ல போவுது. எம் மாட்டுப் பாலை எம் பேர்ல போடும்மா" என்று கேட்டிருக்கிறாள்.

சமரீன் போட்டுவிட்டாள். பழைய சாஃப்ட்வேரில் கார்டு எண்ணுக்குப் பின்னால் ஒரு புள்ளி வைத்தால் அது வேறு கார்டு என்று நம்பிவிடுமாம். புள்ளி வைத்தாள், குறிப்புக் கட்டத்தில் 'சீர்' என்று எழுதினாள், தங்கம்மாளுக்குத் தனி நம்பர் கொடுத்தாள். விஷயம் ஊர் ஊராகப் பரவியது. பெண்கள் வந்துகொண்டே இருந்தார்கள், இவள் புள்ளி வைத்துக்கொண்டே இருந்தாள். யாரையும் கேட்கவில்லை. கேட்டால் முடியாது என்பார்கள் என்பதால் கேட்கவில்லை. புதிய சிஸ்டம் புள்ளியைக் குப்பை என்று துடைத்தது, மனைவியின் நம்பரைப் புருஷன் நம்பரில் கரைத்துவிட்டது. நாலரை மணிக்குப் பால் ஊற்ற வரும்போது அந்தப் பெண்களுக்கு நம்பரே இருக்காது.

எனக்குத் தலைக்கேறியது. "பன்னெண்டு வருஷமா கம்பெனி கண்ணுல மண்ணைத் தூவியிருக்கே! எனக்குக்கூட ஒரு வார்த்தை சொல்லலை! என்ன தைரியம் உனக்கு?"

"கத்துறதை நாலரைக்கு அப்புறம் வெச்சுக்கலாம் சார். இப்ப அறிவழகன் சாருக்குப் போன் போடுங்க."

அறிவழகன் சென்னையில் எங்கள் ஐ.டி. தலைவர். அவர் போனை எடுக்கும் வரை நான் ஆத்திரத்தோடு அந்த லிஸ்டைத் திறந்து புரட்டினேன். அறுபத்தோராம் பக்கம், பாப்பாரப்பட்டி சென்டர். அது என் ஊர். 'ராஜாமணி, கணவர் பெயர் கதிரவன். குறிப்பு: சீர்.'

என் மனைவி. எங்கள் வீட்டில் மூன்று மாடு, அதில் செவலை அவள் அம்மா வீட்டு மாட்டின் வழியில் வந்தது. "அது பால் வத்திப் போச்சுங்க, தயிருக்குத்தான் ஆவுது" என்று ஒன்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். மூன்று மாவட்டத்துப் பாலுக்குக் கணக்குப் பார்க்கும் நானும் ஒன்பது வருடமாக நம்பிக்கொண்டிருந்தேன். சீட்டுக் குறுஞ்செய்தி மகள் சுசித்ராவின் போனுக்குப் போகும்படி ஏற்பாடு செய்திருக்கிறார்கள். சுசித்ராவின் லேப்டாப்பை என் மாமனார் வாங்கிக் கொடுத்ததாகத்தான் நான் நினைத்திருந்தேன். அந்த மாட்டை என் நம்பரில் கரைக்க நானே 'ஓகே' போட்டிருக்கிறேன், ஒரு விரலால், அவளும் அதே பந்தியில் என் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்தபோது.

அறிவழகன் சத்தம் போட்டுப் பேசுகிறவர் அல்ல, அதனாலேயே அவரிடம் எல்லாருக்கும் பயம். ஸ்பீக்கரில் சமரீன் சொன்ன எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பழைய சர்வருக்குத் திரும்ப முடியாது, எல்லா சென்டர்லயும் புது ஆப் போட்டாச்சு. இன்னைக்கு இப்படியே போகட்டும். அடுத்த மாசம் பிரிச்சுக்கலாம்" என்றார்.

"கலந்த பாலைப் பிரிக்க முடியாதுங்க சார்" என்றாள் சமரீன். "இன்னைக்குப் புருஷன் நம்பர்ல ஏறுனா நாளையில இருந்து அது அவன் பாலு. அடுத்த மாசம் எந்தப் பொம்பளை வூட்டுல நின்னு, அதுல பாதி என்னுதுன்னு கேப்பா? கேட்டா குடுப்பானா?"

"இந்த நம்பரையெல்லாம் குடுத்தது யாரு?"

"நான்தாங்க. ரூல் தெரிஞ்சேதான் குடுத்தேன். அதுக்கு என்ன பண்ணணுமோ பண்ணுங்க. ஆனா மூணு மணி வரைக்கும் எனக்கு டைம் குடுங்க."

எனக்கு என்ன ஆனதோ, போனை அவள் கையிலிருந்து வாங்கினேன். "சார், லிஸ்டைப் படிக்காம ஓகே போட்டது நான். அதுல ஒண்ணு என் வூட்டுக்காரியோட நம்பரு."

"உங்க வீட்டம்மாவுக்குத் தனி நம்பர் இருக்கறது உங்களுக்குத் தெரியாதா?"

"இன்னைக்குத்தாங்க தெரியும்."

 அவர் சிரிப்பது கேட்டது. "மூணு மணி. அதுக்குள்ள சரியாகலைன்னா இப்படியேதான் போகும்" என்று வைத்துவிட்டார்.

சமரீன் பழைய சர்வரில் குறிப்புக் கட்டத்தைத் தோண்டினாள். 'சீர்' என்று இருந்தவை நாலாயிரத்து முன்னூற்றுப் பதினாறு. மீதி முப்பத்தைந்தும் நிஜமான இரட்டைப் பதிவு. அவற்றை விட்டுவிட்டாள். கார்டுக்கு ஒருவர் என்ற விதியை என்ன செய்வது என்று ரஞ்சித்குமாரைக் கேட்டாள். அவர் தலையைச் சொறிந்தார்.

"புதுசுல ஒரே குடும்பத்துக்குள்ள தனி உறுப்பினர்னு ஒரு வசதி இருக்கு மேடம். யாரும் கேக்கலை, அதனால போடாம வெச்சிருக்கோம். ஒரு டிக் அடிச்சாப் போதும்."

"அடப்பாவமே! பன்னெண்டு வருஷமா புள்ளி வெச்சு வெச்சு என் விரல் தேஞ்சுது" என்று சமரீன் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

இரண்டு இருபதுக்குக் கரண்ட் போனது. ஜெனரேட்டர் பாய்லரைத்தான் முதலில் எடுத்துக்கொள்ளும். ஏசி இரண்டும் நின்றுவிட்டன. "போற நேரத்துலயும் மானத்தை வாங்குது பாருங்க" என்று சமரீன் சர்வர் பெட்டியின் கதவைக் கழற்றினாள். ஆபீஸிலிருந்த மேசை விசிறி இரண்டையும் யூபிஎஸ்ஸில் சொருகி நானே எதிரில் பிடித்துக்கொண்டு நின்றேன். கை வலித்தது, சட்டை நனைந்தது, ஒரு வார்த்தை கத்தவில்லை. இரண்டு ஐம்பத்திரண்டுக்கு ரஞ்சித்குமார் திரையைத் திருப்பிக் காட்டினார். அறுபத்தோராயிரத்து எண்ணூற்று எழுபத்து மூன்று. சமரீன் ஒரு காகிதத்தில் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டுத்தான் தலையாட்டினாள். அதற்குப் பிறகுதான் ஆறிப்போன போண்டாவை எடுத்தாள்.

நாலரைக்குத் திரையில் சீட்டுகள் விழ ஆரம்பித்தன. வத்தல்மலை, தங்கம்மாள், நாலு லிட்டர். சமரீன் அந்த வரியைத் தொட்டுப் பார்த்தாள். ஐந்தரைக்குப் பாப்பாரப்பட்டி, ராஜாமணி, ஆறரை லிட்டர். பால் வற்றிய மாடு!

"உனக்குத் தெரியும்தானே?" என்றேன்.

"நம்பர் போட்டதே நான்தான சார்."

"இத்தனை வருஷத்துல ஒரு தடவை சொல்லியிருக்கலாமில்ல?"

"அக்கா வேணாம்னாங்க. தெரிஞ்சா நீங்க கத்துவீங்கன்னாங்க."

எனக்கு வெட்கமாக இருந்தது, அதை மறைத்து என்ன ஆகப் போகிறது?

அடுத்த வாரம் சமரீனுக்குச் சென்னையிலிருந்து இரண்டு மெயில் வந்தது. ஒன்று, விதியை மீறியதற்கு விளக்கம் கேட்டு மெமோ. இன்னொன்று, சீர் மாட்டு நம்பரை மூன்று மாவட்டத்திலும் முறைப்படி கொண்டுவர அவளைப் பொறுப்பாகப் போட்ட உத்தரவு. இரண்டையும் பிரின்ட் எடுத்து ஒரே ஃபைலில் வைத்திருக்கிறாள். சர்வர் ரூமில் இப்போது காலி பால் டப்பாக்களை அடுக்கியிருக்கிறோம்.

அந்தப் புதனுக்கு மறுநாள் காலை நான் சென்டருக்குக் கேன் தூக்கிக்கொண்டு போனேன். ராஜாமணி வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே பின்னால் வந்தாள். இரண்டு கேனையும் பார்த்த சென்டர்காரருக்கு வியர்த்துவிட்டது.

"சார்... ரெண்டையும் உங்க நம்பர்லயே போட்டுடட்டுங்களா?"

பின்னால் ராஜாமணியின் வளையல் சத்தம் நின்றது.

"பெரிய கேன் என்னுது. சின்னது அவங்களோடது, அதை முதல்ல போடு" என்று சொல்லி, அவள் நம்பரை ஒரு இலக்கம் பிசகாமல் சொன்னேன்.

வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தோம். கேனைக் கழுவக் கவிழ்த்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்.

"சமரீன் சொல்லிட்டாளா?"

"அவளா? ஒன்பது வருஷமா என்கிட்ட வாயைத் திறக்காதவளா சொல்லுவா?"

ராஜாமணி என் முகத்தையே பார்த்தாள். நான் கத்துவதற்காகக் காத்திருந்தாள். நான் கேனை எடுத்துக் கழுவினேன்.