நிமிர்ந்து நின்ற கார்

டிரைவரம்மா கார் ஓட்டக் கற்றுக்கொண்டது நாற்பதைத் தாண்டிய பிறகுதான். அதுவரை அவளுக்கும் அந்தக் காருக்கும் இருந்த உறவு, வாரம் ஒருமுறை அதன் சீட் உறைகளைத் துவைத்துக் காயப் போடுவதோடு சரி. கார் அவள் கணவருடையது. அதை வாடகைக்கு ஓட்டித்தான் அவர் குடும்பத்தை நடத்தினார். ஒருநாள் பயணி ஒருவரின் பெட்டியை டிக்கியிலிருந்து தூக்கும்போது முதுகில் ஏதோ சடக்கென்றது. குனிந்தவரால் நிமிர முடியவில்லை. ஆஸ்பத்திரி, ஆபரேஷன், படுக்கை எல்லாம் முடிந்து எழுந்தபோது டாக்டர் சொன்னார்: "நடக்கலாம், உக்காரலாம். ஆனா இனிமே கிளட்சை மிதிக்கிற வேலை வேண்டாம்."

காரை விற்றுவிடுங்கள் என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

"வித்துட்டு? நாங்க ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கவா?" என்றாள் அவள். "நான் ஓட்டுறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். கணவர் சிரிக்கவில்லை. சுவரைப் பிடித்தபடி எழுந்து போய், ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துவந்து அவள் கையில் வைத்தார்.

கற்றுக்கொண்ட முதல் வாரமே வீட்டுக் கேட்டை இடித்துவிட்டாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவர் இறங்கி, வளைந்த கேட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, "உன் மேல தப்பில்ல. வண்டி வர்றப்ப ஒதுங்கி நிக்கணும்னு இந்தக் கேட்டுக்குத்தான் தெரியல" என்றார். எப்படியோ லைசென்ஸும் கிடைத்தது. கிடைத்த பிறகும் அவர் பக்கத்து சீட்டை விட்டு இறங்கவில்லை. அவளும் இறங்கச் சொல்லவில்லை.

பள்ளிக்கூட டீச்சர்கள் சிலர் காலையும் மாலையும் அவர்கள் காரை ஏற்பாடு செய்துகொண்டார்கள். பின் சீட்டில் அவர்கள். முன் சீட்டில் கணவனும் மனைவியும். வழியில் சைக்கிள் வந்தாலும் நாய் வந்தாலும், ஏன், காற்றில் ஒரு பிளாஸ்டிக் பை பறந்து வந்தாலும், "பாத்து, பாத்து! லெஃப்ட்ல பாத்து!" என்று அவர்தான் முதலில் கத்துவார். "அண்ணன் இருக்கிறப்ப இந்த வண்டிக்கு எதுக்குத் தனியா ஒரு ஹாரன்?" என்றாள் பாட்டு டீச்சர். அன்றிலிருந்து அவருக்கு ஹாரன் என்றே பெயர் நிலைத்துவிட்டது. அவருக்கும் அது பிடித்திருந்தது. தன் வண்டியில் பல்செட்டை மறந்துவிட்டுப் போன பெரியவர், பெண் பார்க்கப் போகும் வழியெல்லாம் வாந்தி எடுத்த மாப்பிள்ளை என்று கதை கதையாக எடுத்துவிடுவார். பள்ளிக்கூடம் வந்தால்கூட டீச்சர்கள் கதை முடியும்வரை இறங்கமாட்டார்கள்.

மழைக்காலம் முடிந்தபோது சாலையில் தாரைவிடப் பள்ளம் அதிகமாகியிருந்தது. காரின் முன்பக்கத்தில், ஹாரன் உட்காரும் பக்கமாக, டொக்கென்று ஒரு சத்தம் கேட்க ஆரம்பித்தது. கொஞ்ச நாளில் ஒரு தோளில் மட்டும் மூட்டை சுமக்கிற ஆள் மாதிரி கார் அந்தப் பக்கம் சாய்ந்தது.

அவருக்குக் காய்ச்சலாக இருந்ததால் அன்று அவள் தனியாகவே பெரிய மெக்கானிக் கடைக்குப் போனாள். காரை உயரத் தூக்கி, டார்ச் அடித்துக் காட்டினார்கள். சக்கரத்துக்கு மேலே இருக்கிற சுருள் ஸ்பிரிங், கடைசிச் சுற்றில் முறிந்திருந்தது.

"ஒரு பக்கம் மட்டும் மாத்துனா சரிவராதும்மா. ரெண்டு பக்கமும் ஸ்பிரிங், ரெண்டு பக்கமும் ஷாக் அப்சார்பர், எல்லாத்தையும் சேத்து மாத்திடணும்."

செலவைக் கேட்டதும், "வீட்ல கேட்டுட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். வீட்டுக்குப் போகவில்லை. நேராகப் பசையிடம் போனாள்.

பெட்ரோல் பங்குக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டிருந்த மெக்கானிக்கைத்தான் எல்லோரும் பசை என்பார்கள். அவர் ஒட்டாத பொருள் உலகத்தில் கிடையாது. "கையில பசை இருக்கிறவன் பெரிய கடைக்குப் போவான். இல்லாதவனுக்கு இந்தப் பசைதான் கதி" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். கெட்ட மனிதரில்லை. நடுவழியில் நின்ற வண்டிக்காகச் சாப்பாட்டுக் கையோடு எழுந்து ஓடுகிற ஆள்.

பசை ஜாக்கி வைத்துத் தூக்கி, உள்ளே எட்டிப் பார்த்து உச்சுக்கொட்டினார். முறிந்த துண்டை வெல்டிங் வைத்து ஒட்டினார். வண்டி தாழாமல் இருக்கச் சுருள்களுக்கு நடுவே கெட்டியான ரப்பர் கட்டைகளைச் செருகினார். அவள் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் ஜாக்கி இறங்கிவிட்டது. புதுச் செருப்பு வாங்குகிற காசில் கார் நேராக நின்றது. சாய்வு போன இடம் தெரியவில்லை.

"அக்கா, இது சும்மா அவசரத்துக்குத்தான்" என்றார் பசை. "ஸ்பிரிங்குக்கு நெருப்பு ஆகாது. சூடு பட்ட இடம் எப்ப வேணாலும் பட்டுனு விட்டுரும். மெதுவா ஓட்டுங்க. சீக்கிரமே புதுசு போட்டுருங்க, என்ன?"

"சரி, சரி" என்றாள். காதில் விழாமல் இல்லை. ஆனால் கண் முழுக்க அந்த நிமிர்ந்து நின்ற காரின் மேலேயே இருந்தது. அந்தக் கார் விஷயத்தில் யாரையும் கேட்காமல் அவள் எடுத்த முதல் முடிவு அது.

வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு, "ஏங்க, வெளிய வந்து பாருங்க!" என்று கூப்பிட்டாள். போர்வையைப் போர்த்திக்கொண்டு வந்தவர் காரை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார்.

"என்ன பண்ணினே?"

"ஸ்பிரிங்ல ரப்பர் வெச்சாங்க. அவ்வளவுதான்."

வெல்டிங் என்ற சொல் தொண்டை வரை வந்து நின்றுவிட்டது. ஒட்டு வேலை என்றாலே அவர் முகம் சுளிப்பார் என்பது அவளுக்குத் தெரியும். இன்றைக்கு ஒரு நாள் அந்தச் சுளிப்பைப் பார்க்க வேண்டாம் என்று நினைத்தாள்.

"கல்யாண மாப்பிள்ளை மாதிரி நெஞ்ச நிமித்திக்கிட்டுல்ல நிக்குது!" என்றார் அவர். அவள் முகம் பூவாக மலர்ந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

காய்ச்சல் விட்டு அவர் மறுபடி காரில் ஏறிய காலையில், முதல் வேகத்தடையிலேயே விஷயம் அவருக்குப் புரிந்துவிட்டது. ரப்பர் வைத்த ஸ்பிரிங் அமுங்கவில்லை. அது விழுங்க வேண்டிய அதிர்ச்சி நேராக அவர் முதுகெலும்பில் ஆணி அடித்த மாதிரி ஏறியது.

"எப்படி இருக்கு?" என்றாள் அவள், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"தொட்டில்ல உக்காந்த மாதிரி இருக்கு."

"எந்த ஊர்த் தொட்டில் அண்ணே இப்படித் தூக்கிப் போடும்?" என்றாள் பின்னாலிருந்து கணக்கு டீச்சர். "நான் குடிச்ச டீ இன்னும் கழுத்துலயே நிக்குது."

அவர் உரக்கச் சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போனார். கதவுப் பிடியை இறுக்கியிருந்த அவர் கையை யாரும் கவனிக்கவில்லை.

சில வாரங்கள் அப்படியே ஓடின. அப்புறம் ஒருநாள், "குழாய் ரிப்பேர் பண்ண ஆள் வராங்க, நீ போயிட்டு வா" என்றார். இன்னொரு நாள் ஜலதோஷம். அதற்கப்புறம் காரணம் சொல்வதையும் விட்டுவிட்டார். அவள் கிளம்பும்போது படுத்தபடியே கையசைப்பார். திரும்பி வரும்போதும் படுத்திருப்பார். பக்கத்து சீட்டில் அவள் கைப்பை உட்கார்ந்து வந்தது. பாட்டு டீச்சர், "அண்ணனுக்கு எங்க மேல கோவமா?" என்று கேட்டபோது, "கோவமெல்லாம் இல்ல, சோம்பேறித்தனம்" என்று சொல்லிச் சிரித்தாள். உள்ளுக்குள் சிரிப்பு இல்லை.

துணி மடித்துக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம் கேட்டேவிட்டாள்.

"பொண்டாட்டி ஓட்ட, பக்கத்துல உக்காந்து போறது வெக்கமா இருக்கா?"

"அட, பைத்தியமே."

"அப்புறம் என்ன?"

"உனக்குத்தான் இப்ப ரோடு அத்துப்படி ஆயிடுச்சே. நான் எதுக்கு நடுவுல?" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அவள் மடித்த துணியையே மறுபடி பிரித்து மடித்தாள்.

அந்த வாரத்திலேயே ஒரு காலை, பள்ளிக்கூட வாசலுக்கு முன்னால் இருக்கிற வேகத்தடையில் ஏறி இறங்கி, கேட்டுக்குள் திருப்பினாள். டமாரென்று ஒரு வெடிச்சத்தம். ஸ்டியரிங் அவள் கையை உதறிக்கொண்டு இடப்பக்கம் இழுத்தது. பிரேக்கை மிதிப்பதற்குள் கார் போய்க் கட்டட வேலைக்குக் கொட்டியிருந்த மணல் குவியலில் மூக்கைப் புதைத்து நின்றது. மெதுவாகத்தான் வந்தாள், அதனால் பிழைத்தார்கள். பாட்டு டீச்சர் கத்தக்கூட மறந்து உட்கார்ந்திருந்தாள். கணக்கு டீச்சரின் நெற்றி முன் சீட்டின் முதுகில் இடித்து, பார்க்கப் பார்க்கப் புடைத்தது.

இறங்கிப் பார்த்தாள். வெல்டிங் வைத்த இடத்துக்கு ஒரு விரல் தள்ளி ஸ்பிரிங் முறிந்து, அதன் கூர் முனை டயரைக் கிழித்திருந்தது. பக்கத்து சீட்டில் இருந்த கைப்பை கீழே உருண்டு, உள்ளிருந்த சீப்பும் சில்லறையும் சிதறிக் கிடந்தன. அந்த சீட்டையே பார்த்தபடி நின்றாள். பிறகு போனை எடுத்தாள்.

அவர் பஸ்ஸில் வந்தார். இறங்கியதும், எதிர்ப்பக்கத்திலிருந்து சாலையைக் கடந்து நடந்துவந்ததை அவள் பார்த்தாள். ஒரு காலை இழுத்து, ஒரு கையை இடுப்பில் ஊன்றி, நாலு எட்டுக்கு ஒருமுறை நின்று நின்று வந்தார். ஆபரேஷன் முடிந்த புதிதில்கூட இவ்வளவு மோசமாக நடக்கவில்லை. அவர் நடப்பதைக் கண்ணால் பார்த்து எவ்வளவு நாளாயிற்று என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"பஸ்ல நின்னுக்கிட்டா வந்தீங்க?"

"உக்காந்தா எந்திரிக்க நேரமாகும்" என்றார். "உனக்கு அடி ஒண்ணும் இல்லையே?" அவள் தலை, தோள், கை என்று தொட்டுப் பார்த்தார். பிறகுதான் சக்கரத்தைப் பார்த்தார். குனிய முடியாமல் பானெட்டைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"வெல்டு வெச்சிருக்காங்க."

"ஆமா."

"ரப்பர்னுதானே சொன்னே? இது தெரிஞ்சிருந்தா உன்ன ஒரு அடி நகத்த விட்டிருப்பனா?"

"நீங்க மட்டும் சொன்னீங்களா?" என்று திருப்பிக் கேட்டாள். "தொட்டில்னு சொன்னீங்களே. முதுகு இந்தக் கதில இருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னீங்களா? நான் என்னென்னவோ நினைச்சுக்கிட்டு..."

அவர் பானெட்டிலிருந்து கையை எடுத்து அவள் பக்கம் திரும்பினார்.

"அன்னிக்கு வாசல்ல நின்னு எவ்வளவு பெருமையாக் காட்டினே. அதுல போய் எப்படி மண்ணைப் போடுறது?"

மணல் குவியலின் விளிம்பில் அவள் உட்கார்ந்துவிட்டாள். அவரால் பக்கத்தில் உட்கார முடியவில்லை. அவள் தலைமேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். பிள்ளைகள் வகுப்பு ஜன்னல்களில் வேடிக்கை பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இருவரும் விட்டுவிட்டார்கள்.

விஷயம் கேள்விப்பட்டுப் பசை ஓடிவந்தார். கிழிந்த டயரைப் பார்த்ததும் அவருக்கு எப்போதும் வருகிற சிரிப்பு வரவில்லை.

"சீக்கிரம் மாத்துங்கன்னு சொன்னேனே அக்கா."

"நீ சொன்னே. நான்தான் காதுல வாங்கல."

"சொல்லிட்டு விட்டது என் தப்பு. செஞ்சிருக்கவே கூடாது" என்றார் பசை. அன்றே ஆள் வைத்துக் காரை இழுத்துப்போய்த் தன் கொட்டகையில் நிறுத்திக்கொண்டார்.

மறுநாள் அவள் கணக்கு டீச்சர் வீட்டுக்குப் போனாள். டீச்சர் கோபப்படவில்லை. "வீக்கம் வடிஞ்சிருச்சு" என்றாள். "பயம்தான் வடியல. அது வடியிறப்ப நானே வரேன்." இன்றுவரை டீச்சர் பஸ்ஸில்தான் போகிறாள். வழியில் கார் கண்ணில் பட்டால் ஜன்னல் வழியாகக் கையசைப்பாள்.

பள்ளிக்கூட வேன் டிரைவர் நீண்ட விடுப்பில் போயிருந்தார். தலைமையாசிரியை டிரைவரம்மாவைக் கூப்பிட்டு அனுப்பினார். மணலில் மோதியதைப் பற்றி ஒன்றும் விடாமல் கேட்டார். அவளும் எதையும் மறைக்கவில்லை. "வேனை நாங்க ஒழுங்காப் பராமரிக்கிறோம். நீங்க ஒழுங்கா ஓட்டுங்க" என்று சாவியைக் கொடுத்தார். அவள் வேன் ஓட்டிய மாதங்களில் ஹாரன் முதுகுக்குப் பயிற்சி கொடுக்கும் இடத்துக்குப் போனார். முதல் நாளே, இவ்வளவு நாள் ஏன் வரவில்லை என்று நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

அவள் வேன் சம்பளத்தில் ஒருவழியாகப் புது ஸ்பிரிங்குகளும் ஷாக் அப்சார்பர்களும் வந்தன. "நான்தான் மாட்டுவேன், கூலிப் பேச்சு எடுத்தீங்கன்னா கோவம் வரும்" என்று பசை பிடிவாதம் பிடித்தார். அட்டைப் பெட்டியைப் பிரித்ததும், தொடுவதற்கு முன் கையை இரண்டு தடவை துணியில் துடைத்துக்கொண்டார். "புதுச் சாமான் மாட்டி எவ்வளவு நாளாச்சு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். இறக்கி நிறுத்தியபோது கார் முன்னைவிட ஒன்றும் அழகாக நிற்கவில்லை. ஆனால் பசை பானெட்டை அழுத்தியதும் மூச்சு விடுகிற மாதிரி ஒருமுறை தாழ்ந்து எழுந்தது.

அன்று பிற்பகல் கணவரை உட்காரவைத்து, அவள் மெதுவாக ஓட்டிப் பார்த்தாள். ஒரு வேகத்தடை. இரண்டு பள்ளம். பிறகு வண்டியை ஓரமாக நிறுத்தி, எஞ்சினையும் அணைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"வலிக்குதா? நெஜத்தைச் சொல்லுங்க."

அவர் கொஞ்சம் முன்னால் சாய்ந்தும் பின்னால் சாய்ந்தும் பார்த்தார்.

"முன்ன மாதிரி இல்ல. ஆனா கொஞ்சம் வலிக்குது. இங்க, கீழ."

எத்தனையோ மாதத்துக்கப்புறம் அவளுக்கு மனசு லேசானது. பின் சீட்டில் கிடந்த துண்டை எடுத்து நாலாக மடித்து, அவர் காட்டிய இடத்தில் செருகினாள்.

"இப்ப?"

"இன்னும் கொஞ்சம் மேல."

மேலே நகர்த்தினாள். அவர் தலையசைத்ததும் வண்டியைக் கிளப்பினாள்.