நான் கவிழ்த்த மாவுப் பானை

சேலத்தில் மதுவிலக்கு வந்த புதிது. நான் தாவரவியல் ஆசிரியன்; மதுவிலக்குத் தொண்டனும்கூட. ரொட்டிக் கடை மாரப்பன் முன்பெல்லாம் கள் ஊற்றித்தான் மாவைப் பொங்கவைப்பார். ஒருநாள் அவர் கடைப் பானையில் கள் வாடை அடித்தது. ஒரு வார்த்தை கேட்காமல் சாக்கடையில் கவிழ்த்தேன்.

"ஏனுங்க வாத்தியாரே, அது கள்ளு இல்லீங்க! கள்ளுக்கடை மூடுனதுல இருந்து தினமும் மாவு போட்டு வளர்த்த புளிமாவுங்க. உசுருள்ளதுங்க. இனி ரொட்டிக்கு என்ன பண்ணுவேன்?"

மாவைப் பொங்கவைக்கும் ஈஸ்ட் காளான் இனத்து உயிர் என்று அன்று காலையில்தான் பாடம் நடத்தியிருந்தேன். கூசிப்போய், பானையின் அடியில் ஒட்டியிருந்ததை விரலால் வழித்துக் கொடுத்தேன். அவர் அதில் கோதுமை மாவும் தண்ணீரும் சேர்த்து மூடிவைத்தார்.

நான்காம் நாள் ரொட்டி உப்பியது. முதல் ரொட்டியை எனக்கே நீட்டினார்.

"வாடை பாத்துட்டுத் தின்னுங்க சாமி" என்று சிரித்தார்.

அதன்பின் இந்த வயதுவரை, கேட்காமல் எதையும் நான் கவிழ்த்ததில்லை.