பன்னிரண்டரை மணிச் சாப்பாடு

போன வருடம் மே மாதம், சென்னைப் பக்கம் உள்ள ஒரு பெரிய பொழுதுபோக்குப் பூங்காவில் நடந்தது இது. காரைக்காலிலிருந்து வேன் பிடித்துப் போயிருந்தோம். நடந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. ஆனாலும் கல்யாண வீட்டுப் பந்தியில் இலை போடத் தாமதமானால் எனக்கு இன்றும் கண் கடிகாரத்துக்குத்தான் போகிறது.

எங்களுக்குக் குரும்பகரம். கணவர் விவசாயம் பார்க்கிறார். நான் காரைக்காலில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். ஒரே மகள். அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. பத்து வயதில் அவளுக்குச் சர்க்கரை நோய் இருப்பது தெரிந்தது. பெரியவர்களுக்கு மாத்திரையில் அடங்குகிறதே, அந்த மாதிரி இல்லை. தினமும் இன்சுலின் ஊசி போட்டே ஆக வேண்டிய வகை. சாப்பிட அரை மணி நேரம் இருக்கும்போது ஊசி, பிறகு கட்டாயம் சாப்பாடு. ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கிக்கொண்டே போகும். மயக்கம் வரும், அதற்கு மேலும் போகலாம். புதுச்சேரியில் டாக்டர் இதை என்னை மூன்று முறை திருப்பிச் சொல்லவைத்துக் கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு அனுப்பினார்.

இதை நாங்கள் யாரிடமும் சொல்லவில்லை. எங்கள் இருவரையும் விட்டால் அவளுடைய வகுப்பு டீச்சருக்கு மட்டும் தெரியும். சொந்தக்காரர்களிடமெல்லாம் அல்சர் என்று சொல்லிவைத்திருந்தோம். நேரத்துக்குச் சாப்பிட வேண்டும் என்பதற்கு அது வசதியான காரணமாக இருந்தது. பெண் பிள்ளை, நாளைக்கு நாலு இடத்தில் பேச வேண்டிவரும் என்ற பயம்தான். கணவர்தான் அப்படிச் சொன்னார் என்று அவர் மேல் பழி போட மாட்டேன். அவரைவிட நான்தான் உறுதியாக இருந்தேன். எங்கள் ஊர் டீக்கடையைக் கடந்து போனாலே "சக்கரை இல்லாம ஒண்ணு" என்று யாராவது சத்தமாகச் சொல்வது காதில் விழும். ஒருவர் சொன்னால் பக்கத்தில் இருப்பவர் தன்னுடைய சர்க்கரை அளவைச் சொல்வார், அதைக் கேட்டு மூன்றாமவர் தன்னுடையதைச் சொல்வார். பெரியவர்களுக்கு அது பொழுதுபோகிற பேச்சு. சின்னப் பெண்ணுக்கு என்றால் மட்டும் ரகசியம்.

பூங்காவுக்குப் போகலாம் என்று கிளப்பியது என் கணவரின் அண்ணன் மனைவி. அவர்கள் திருநள்ளாறில் கடை வைத்திருக்கிறார்கள். அவரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அண்ணனால் கடையை விட்டு வர முடியவில்லை. எங்கள் வீட்டிலும் பருத்தி எடுக்கும் நேரம் என்பதால் கணவர் வரவில்லை. அக்காவும் அவருடைய இரண்டு பிள்ளைகளும், நானும் மகளும் என்று முடிவானது.

நுழைவுச் சீட்டை நான்தான் போனில் எடுத்தேன். அதே பக்கத்தில், மதியச் சாப்பாட்டுக்கும் முன்பணம் கட்டிவிடலாம் என்று ஒரு கட்டம் இருந்தது. கட்டினால் கையில் ஒரு பட்டை கட்டுவார்கள், அதைக் காட்டி வேண்டுமட்டும் சாப்பிடலாம். இது தேவையா, இல்லையா என்று மூன்று நாள் யோசித்தேன். அலுவலகத்தில் மதிய இடைவேளையில் உட்கார்ந்து, போய்வந்தவர்கள் எழுதியிருந்ததையெல்லாம் படித்தேன். சாப்பாடு சுமார் என்று சிலர், ஐஸ்கிரீம் அருமை என்று சிலர். ஒருவர், வரிசையில் நின்றே பசி போய்விட்டது என்று எழுதியிருந்தார். எதிலும் குறை சொல்கிற ஆள் போலிருக்கிறது என்று தள்ளிவிட்டேன்.

அக்காவுக்கு இதில் சம்மதமே இல்லை.

"ஏம்மா, நாம என்ன அங்க சாப்புடவா போறோம்? நான் புளிசோறு கிளறி உருளைக்கெழங்கு வறுத்து எடுத்துக்கிட்டு வர்றேன். வேன்ல வச்சு சாப்புட்டா ஆச்சு" என்றார்.

அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் நாலு பேர் நாலு பக்கம் விளையாடிக்கொண்டிருக்கும்போது யாரைத் தேடிப் பிடித்து, எத்தனை மணிக்கு வேனுக்கு வருவது? எனக்கு வேண்டியிருந்தது நேரம். அந்தப் பக்கத்தில் மதியச் சாப்பாடு பன்னிரண்டரை மணி முதல் என்று தெளிவாகப் போட்டிருந்தது. பன்னிரண்டு மணிக்கு ஊசி, பன்னிரண்டரைக்குச் சாப்பாடு. யாரிடமும் எதையும் விளக்க வேண்டியதில்லை. என் ரகசியத்துக்கென்றே செய்து வைத்த ஏற்பாடு மாதிரி இருந்தது. ஐந்து பேருக்கும் சேர்த்துக் கட்டிவிட்டேன். அக்கா அப்படியும் புளிசோறு கிளறிக்கொண்டுதான் வந்தார்.

நுழைவாயிலில் பையைச் சோதித்தார்கள். வெளிச் சாப்பாடு உள்ளே போகக் கூடாது. என் பையிலிருந்து பிஸ்கட், கடலை மிட்டாய், ஜூஸ் டப்பா எல்லாவற்றையும் எடுத்துத் தனியாக வைத்தார் காவலாளி. கடைசியாக ஒரு பிளாஸ்டிக் கவரைத் தூக்கிப் பார்த்தார். உள்ளே வெள்ளைத் தூள்.

"என்னம்மா இது?"

அது குளுக்கோஸ். சர்க்கரை திடீரென்று இறங்கினால் கரைத்துக் கொடுப்பதற்கு. அதை டப்பாவோடு கொண்டுவந்தால் அக்கா பார்த்துக் கேள்வி கேட்பார் என்று, பெயர் இல்லாத கவரில் கொட்டிக் கொண்டுவந்திருந்தேன்.

"ஜூஸ்ல கலக்குற பவுடர்ங்க" என்றேன்.

"அதும் இருக்கட்டும்மா. போறப்ப வாங்கிக்குங்க." பிறகு அவராகவே கேட்டார்: "யாருக்காச்சும் ஒடம்பு முடியலையா? மருந்து கிருந்து, நோயாளி சாப்பாடு ஏதாச்சும்னா சொல்லுங்க, விட்டுர்றேன்."

அக்கா என் தோளை ஒட்டி நின்றுகொண்டிருந்தார். "அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். ஊசி மருந்து மட்டும் மாற்றுத் துணிக்குள் சுருட்டி வைத்திருந்ததால் தப்பியது. சாப்பாட்டுக்குத்தான் பணம் கட்டியிருக்கிறதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

காலை நேரம் நன்றாகப் போனது. செயற்கை அலையடிக்கும் குளத்தை விட்டு மகள் வெளியே வரவில்லை. காரைக்கால் கடலைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு இந்தத் தொட்டித் தண்ணீரில் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை, ஆனால் அவள் அப்படிச் சிரித்துப் பார்த்து நாளாகியிருந்தது. பன்னிரண்டு மணிக்கு அவளைப் பெண்கள் உடை மாற்றும் அறைக்கு அழைத்துப்போய், கதவைத் தாழிட்டு, ரத்தத்தைச் சோதித்துப் பார்த்துவிட்டு ஊசி போட்டேன். அளவு சரியாகத்தான் இருந்தது. மூன்று மணி நேரம் தண்ணீரில் ஆடிய உடம்பு என்பதை நான் யோசிக்கவில்லை. எல்லாவற்றையும் மறுபடி லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டுச் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனோம். பணப்பையும் போனும் லாக்கரிலேயே இருந்தன. நனைகிற இடத்தில் யார் அதையெல்லாம் தூக்கிக்கொண்டு அலைவார்கள்?

கூடத்தின் கதவு பன்னிரண்டரைக்குத் திறந்தது. அதில் குறை சொல்ல முடியாது. பன்னிரண்டரைக்குக் கதவு திறக்கும் என்பதுதான் அதற்கு அர்த்தம். தட்டு கைக்கு வரும் என்று யாரும் எனக்கு எழுதித் தரவில்லை. முன்பணம் கட்டியவர்களுக்கென்று ஒரு வரிசை, பணம் கொடுத்து வாங்குபவர்களுக்கு இன்னொன்று. எங்கள் வரிசை கூடத்தைச் சுற்றி வளைந்து வாசலுக்கு வெளியே நின்றது. என்னைப் போல யோசித்தவர்கள் எத்தனை பேர் என்று அப்போதுதான் தெரிந்தது. பட்டையைப் படிக்கும் மெஷின் வேறு அடிக்கடி நின்றுபோனது. பக்கத்து வரிசை மளமளவென்று நகர்ந்தது.

மகள் என் சுண்டுவிரலை இரண்டு முறை அழுத்தினாள். அது எங்களுக்குள் வைத்திருந்த சைகை. சர்க்கரை இறங்குகிறது என்று அர்த்தம். "இதோ, ஆச்சு" என்றேன். சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டு ஐம்பது. அவள் நடுங்கினாள். ஈரத் துணி, குளிராக இருக்கும் என்று நினைத்தேன். வேர்க்கிறதா என்று பார்த்தேன். தலையிலிருந்து கால் வரை நனைந்த பிள்ளையிடம் எது வேர்வை, எது தண்ணீர் என்று எப்படிப் பிரிப்பது?

வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்த பையனிடம் போய், அக்காவுக்கும் கேட்கும்படியாகவே சொன்னேன்: "தம்பி, பொண்ணுக்கு அல்சர். கொஞ்சம் முன்னாடி விட முடியுமா?"

"எல்லாரும் ஏதாவது ஒண்ணு சொல்றாங்கக்கா. எனக்கும்தான் அல்சர், இன்னும் காலைல சாப்பாடே சாப்பிடல" என்று சிரித்துவிட்டு நகர்ந்தான். அவன் மேல் தப்பில்லை. அல்சருக்காக எந்த வரிசையும் நகராது.

அக்கா பின்னாலிருந்து, "செத்த பொறுக்க மாட்டாளா? உள்ள போனதும் ஒரு டம்ளர் மோர் குடுத்தா வயிறு அடங்கிரும்" என்றார்.

மகள் மறுபடி விரலை அழுத்தினாள். இந்த முறை அழுத்தத்தில் வலுவே இல்லை. "என்னம்மா செய்யுது?" என்று கேட்டேன். "அலை வருது" என்றாள். கண் என்னைப் பார்க்கவில்லை. உதடு வெளுத்திருந்தது. அடுத்த நொடி முழங்கால் மடிந்து என் மேல் சாய்ந்தாள்.

அப்போது நான் கத்தியது எனக்கு நினைவில்லை. அக்கா பிறகு சொல்லித்தான் தெரியும். "என் பொண்ணுக்கு சுகர்! ஊசி போட்டுட்டேன்! யாராச்சும் இனிப்பு குடுங்க!" என்று அந்தக் கூடம் முழுக்கக் கேட்கக் கத்தினேனாம். இரண்டு வருடமாகச் சொந்த வீட்டில்கூட ஜன்னலைச் சாத்திவிட்டுப் பேசிய விஷயம்.

பக்கத்து வரிசையிலிருந்து ஒருவர் தலைக்கு மேல் தட்டில் ஜூஸ் டம்ளர்களைத் தூக்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தார். பருத்த ஆள், அரைக்கால் சட்டை, கழுத்தில் தடித்த சங்கிலி. காலையில் அலைக்குளத்தில் எல்லார் மேலும் விழுந்து கூச்சல் போட்டவர். இந்த மாதிரி ஆட்களால்தான் இடமே கெட்டுப்போகிறது என்று அப்போது நான் முகம் சுளித்திருந்தேன். அவர் தட்டை அப்படியே தரையில் வைத்துவிட்டு மண்டியிட்டார்.

"படுக்கவைக்காதீங்க. நிமித்திப் புடிங்க. பாப்பா, இங்க பாரு, மாமா குடுக்கறத முழுங்கணும்." மாம்பழ ஜூஸை வாயில் வைத்து, ஒரு மடக்கு உள்ளே போனதைப் பார்த்த பிறகே அடுத்த மடக்கைக் கொடுத்தார். "ஊசி எப்ப போட்டீங்க?"

"பன்னெண்டு மணிக்குங்க."

"இப்ப மணி ஒண்ணு!" என்று என்னை முறைத்தார். "இருவது வருசமா ஊசி போடறவன் நான். வாயத் தொறந்து கேட்டிருந்தா இங்க எவன் குடுக்காம இருப்பான்? படிச்சவங்க மாதிரி இருக்கீங்க, ஊசியப் போட்டுட்டு வரிசைல நின்னு வேடிக்கை பாக்கறீங்க."

அதற்குள் நாலு பக்கமிருந்தும் கைகள் நீண்டன. குலாப் ஜாமூன் கிண்ணம், சாக்லேட், யாரோ ஒரு குழந்தை பாதி குடித்த குளிர்பானம். என்னைப் பார்த்துச் சிரித்த அந்தப் பையன் ஒரு கையில் நாற்காலியும் இன்னொரு கையில் சோற்றுத் தட்டுமாக ஓடிவந்தான். பத்து நிமிடத்தில் மகளுக்கு முகத்தில் ரத்தம் ஓடியது. அந்த மனிதரைப் பார்த்து அவள் கேட்ட முதல் கேள்வி, "நீங்களும் தொடைலதான் போடுவீங்களா?" என்பது.

"இல்ல பாப்பா, தொப்பைல. எடத்துக்குப் பஞ்சமே இல்ல பாரு" என்று வயிற்றைத் தட்டிக் காட்டினார். அவள் சிரித்துவிட்டாள். எனக்கு அழுகை வந்தது. முதலுதவி அறையிலிருந்து நர்ஸ் வந்து சோதித்துவிட்டுப் பரவாயில்லை என்று சொன்ன பிறகுதான் அவர் நகர்ந்தார். காலியான டம்ளர்களோடு மறுபடி பணம் கட்டும் வரிசையின் கடைசியில் போய் நின்றார். நான் நன்றி சொன்னேனா என்பதுகூட நினைவில்லை.

சாப்பாடு நன்றாகவே இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். மகள் இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். நான் என் தட்டைத் தொடாமல் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பும்போது புதுச்சேரி வரும் வரை அக்கா பிள்ளைகளோடு மட்டும்தான் பேசினார். பிறகு வெளியே பார்த்தபடியே சொன்னார்: "உன் மக அல்சர் தீரணும்னு ஒம்பது சனிக்கிழமை எள்ளு தீபம் போட்டேன். அதெல்லாம் இப்ப யாரு அல்சருக்குப் போய்ச் சேந்துச்சோ."

ஊருக்குத் தெரிந்தால் என்ன பேசுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்ததில், இந்த அக்காவின் குரல்தான் எப்போதும் முதலில் கேட்கும். அவர் என் மகளுக்காகப் பிராகாரம் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறார்.

இரவுச் சாப்பாட்டுக்கு வழியில் ஓர் ஓட்டலில் வண்டியை நிறுத்தினோம். வழக்கம்போல நான் பையை எடுத்துக்கொண்டு கழிப்பறையைத் தேடினேன். மகள் என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "அம்மா, அங்க நாத்தம் அடிக்கும். பெரியம்மாவுக்குத்தான் தெரிஞ்சிடுச்சே, வேன்லயே போடலாமா?" என்றாள். இரண்டு வருடமாக என் பிள்ளை நாற்றத்தில் நின்று ஊசி போட்டுக்கொண்டிருந்தாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அக்கா வேன் விளக்கைப் போட்டுவிட்டு, "நான் புடிச்சிக்கவா?" என்று கேட்டார். ஆனால் சோறு மேசைக்கு வந்த பிறகுதான் ஊசியை எடுத்தேன். அரை மணி நேரம் முன்பு போடுகிற தைரியம் அன்று எனக்கு இல்லை. அவள் சாப்பிடச் சாப்பிட அளவைச் சோதித்துக்கொண்டே இருந்தேன்.

பள்ளி விடுமுறைக்கு அந்தப் பூங்காவுக்குப் போகிறவர்கள், சாப்பாட்டுக்கு முன்பணம் கட்டலாமா என்று இப்போது என்னைக் கேட்கிறார்கள். தாராளமாகக் கட்டுங்கள், ஆனால் வாசலில் காவலாளி கேட்கும்போது உண்மையைச் சொல்லிவிட்டுப் போங்கள் என்கிறேன். விஷயம் தெரிந்த பிறகு ஒன்றிரண்டு பேர் முகத்துக்கு நேராகவே, "அப்பறம் கல்யாணத்துக்கு என்ன செய்வீங்க?" என்று கேட்டார்கள். வலிக்கத்தான் செய்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். அந்தக் கூடத்தில் அவள் சொன்ன "அலை வருது" என்ற வார்த்தைக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை.

இதை எழுதி முடித்ததும் மகளிடம் படிக்கக் கொடுத்தேன். முழுவதும் படித்துவிட்டு, "எல்லாம் சரிம்மா, ஏன் என் பேரப் போடல?" என்று கேட்டாள். பேனாவை எடுத்தேன், வைத்துவிட்டேன். அவள் நடந்து முடித்த தூரத்தில் நான் இன்னும் பாதிகூட வந்து சேரவில்லை என்பதை அவளிடம் ஒப்புக்கொண்டேன்.