இடது கைக்குக் காவல்

டைல்ஸ் மேஸ்திரியின் மனைவியிடம் எந்த நர்ஸும் வாலாட்ட முடியாது. கிளினிக்கோ பெரிய ஆஸ்பத்திரியோ, ஊசியோடு யாராவது கட்டிலை நெருங்கினால் போதும், நடுவில் போய் நின்றுகொள்வாள். "இடது கையைத் தொடாதீங்க! வலது கையில குத்துங்க, எத்தனை தடவை வேணும்னாலும் குத்துங்க." புருஷனுடைய சட்டையின் வலது கையை அவளே சுருட்டியும் விடுவாள்.

காரணம் இருந்தது. மேஸ்திரிக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிரித்த பிறகு, இடது முழங்கை அருகே இரண்டு ரத்தக்குழாய்களைச் சேர்த்துத் தைத்திருந்தார்கள். வாரம் மூன்று முறை டயாலிசிஸ் இயந்திரத்துக்கு ரத்தம் போய்வர அதுதான் வாசல். தொட்டால் கிர்ரென்று அதிரும். காலையில் கண் விழித்ததும் அவள் அதில்தான் காதை வைப்பாள்.

"மோட்டார் ஓடுதா?" என்பார் அவர்.

"ஓடுது, ஓடுது. எழுந்து வேலைக்குப் போங்க."

டயாலிசிஸ் இல்லாத நாட்களில் போகவும் போனார். குந்தி உட்கார்ந்து, வலது கையில் சிமெண்ட் பூசும் கரணையைப் பிடித்து அவர் ஒரு குளியலறைக்குத் தரை போட்டால் சொட்டுத் தண்ணீர் தேங்காது. அதில் மனிதருக்குத் தலைக்கனமும் உண்டு. மற்றவர் வீட்டுத் தரையைப் பார்த்து முகம் சுளித்தே இரண்டு உறவுகளைக் கெடுத்துக்கொண்டவர்!

ஆறாவது வருடம் அதிர்வு நின்றது. உறைந்த ரத்தத்தை ஒருமுறை எடுத்தார்கள். சுருங்கிய குழாயை பலூன் விட்டு விரித்தார்கள். மூன்றாம் முறை ஒன்றும் பலிக்கவில்லை. தற்காலிகமாகக் கழுத்தில் ஒரு குழாயைச் சொருகிவிட்டு, "இந்தக் கையில இனி இடமில்லை, வலது கையில புதுசா செய்யலாம்" என்றார் அறுவை மருத்துவர்.

மேஸ்திரி ஒரேயடியாக மறுத்துவிட்டார். "கரணை பிடிக்கிற கைங்க. அதையும் பொத்திப் பொத்தி வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

அவள் கெஞ்சினாள், திட்டினாள், இரண்டு நாள் பேசாமல் இருந்து பார்த்தாள். மனிதர் மசியவில்லை. கழுத்துக் குழாயில் கிருமி ஏறி, ஒரு வாரம் காய்ச்சலில் பிதற்றி எழுந்த பிறகுதான் இறங்கி வந்தார். "சரி, எடுத்துக்கச் சொல்லு. கை போனா போகட்டும்."

அன்றைக்கு அவள் வயிறாரச் சாப்பிட்டாள்.

ஸ்கேன் முடிந்ததும் மருத்துவர் அவளைத் தனியே கூப்பிட்டார். "வலது கை முழுக்கக் குத்திக் குத்தி ரத்தக்குழாய் அடைச்சுப் போச்சும்மா. இதுல ஒண்ணும் தைக்க முடியாது. புறங்கையில மட்டும்தான் குத்தியிருக்கணும். யாரும் சொல்லலையா?"

யாரும் சொல்லவில்லை. இடது கையைக் கண்ணாகப் பார்த்துக்கொள் என்று சொல்லத் தெரிந்தவர்களுக்கு, மற்றதும் ஒருநாள் தேவைப்படும் என்று சொல்ல வாய் வரவில்லையே! அடிப் பாவி, நீயே சட்டையைச் சுருட்டிக் கொடுத்தாயே என்று அவள் மனம் அடித்துக்கொண்டது.

வார்டுக்கு வந்து மறைக்காமல் சொன்னாள். "நான்தாங்க கெடுத்தேன். குத்துங்க குத்துங்கன்னு நான்தான் சொன்னேன்."

"நீ மட்டுமா? நானும்தானே நீட்டினேன். விடு, கரணை எனக்கே மிச்சம்" என்று அவர் கண்ணடித்தார். உள்ளுக்குள் இருந்த சந்தோஷத்தை மறைக்க அவருக்குத் தெரியவில்லை.

சற்றுநேரத்தில் மருத்துவர் அறுவைக்கான சம்மதப் படிவத்தோடு வந்தார். தொடையில் ஒரு செயற்கைக் குழாய் வைக்கலாம், இனி அது ஒன்றுதான் வழி என்றார்.

"தாராளமா வைங்க டாக்டர். எப்ப குந்தி உட்கார்ந்து வேலை செய்யலாம்?"

"இனிமே குந்தவே கூடாதுங்க. தொடை மடிஞ்சா குழாய் அடைச்சுக்கும்."

மேஸ்திரி அவளைப் பார்த்தார், மருத்துவரைப் பார்த்தார். "ஸ்டூல்ல உட்கார்ந்து யாராச்சும் தரை போடுவாங்களா?" என்று கேட்டார். வார்டே திரும்பிப் பார்க்க அவள் வாய்விட்டு அழுதாள். அவர் படிவத்தை வாங்கி, படிக்காமலேயே கையெழுத்துப் போட்டார்.