வெரிபீயில் ஒரு ஃபுஃபு பொறாமை

இன்னைக்கு மதியம் நாங்க குடியிருக்கற வெரிபீல புதுசா வந்திருக்கற நைஜீரிய ஓட்டலுக்கு வீட்டுக்காரரோட போயிருந்தேன்.

தட்டு நிறைய ஃபுஃபு வந்தது. கிழங்கை வேகவச்சு இடிச்ச உருண்டை, பார்க்க அப்படியே நம்ம களி.

கடைக்கார அக்கா, "மெல்லாதீங்க, குழம்புல தொட்டு முழுங்கணும்"னாங்க.

வீட்ல சோறு கொஞ்சம் குழைஞ்சாலே "என்னடி, களி கிண்டிட்டியா?"ன்னு தட்டைத் தள்ளுற மனுஷன், சொன்ன சொல் தட்டாம முழுங்கினார்.

"ஆகா, என்னமா வழுக்கிட்டு இறங்குது! இன்னொரு உருண்டை கிடைக்குமா?"

அக்காவுக்கு ஒரே சந்தோஷம். அவருக்கு மட்டும் ஒரு கறித்துண்டு கூடுதலா வச்சாங்க. எனக்கு வயிறு எரிஞ்சுது. குழம்புல இருந்த மிளகாய் காரணமில்ல.

இப்போ ராத்திரி சோத்துக்குக் குக்கர்ல வேணும்னே நாலு விசில் அதிகமா விட்டிருக்கேன்.

கேட்டா ஃபுஃபுன்னு சொல்லிடுவேன். மெல்லாம முழுங்கட்டும். சரிதானே மக்களே?