காலிப் பெட்டியின் பொறுப்பாளர்

தமிழ்ச்செல்விக்கு என்ன வேலை என்று நாகமலை புதுக்கோட்டையில் அவள் தெருவில் கேட்டால், காளவாசல் ஸ்கேன் சென்டரில் கம்ப்யூட்டர் பார்க்கிறவள் என்பார்கள். அது பகல் வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து லேப்டாப்பைத் திறந்து பார்க்கிற, சம்பளமே இல்லாத இன்னொரு வேலை இருந்தது. பல வருடமாக அவள் உயிரை எடுத்தது அதுதான்.

ஒரு கம்ப்யூட்டர் மொழியை நிறுவினால் கூடவே சில மாட்யூல்களும் வரும், மிக்சி வாங்கினால் ஜார் வருகிற மாதிரி. ஜார் செய்கிறவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள். அடுத்த மிக்சி வருவதற்குள் புது ஜார் விட்டுவிடுவார்கள். அந்தப் புதுசைத் தனிப் பேக்கேஜாகக் கட்டி, ஓர் இலவச ஆபரேட்டிங் சிஸ்டத்தை வைத்திருக்கும் ஊர் உலகத்துக்கெல்லாம் கொடுக்க வேண்டும். தேதி, நேரம் கணக்கிடும் மாட்யூல் தமிழ்ச்செல்வியின் தலையில் விழுந்திருந்தது. நன்றி சொல்லி ஒருவரும் எழுதியதில்லை. ஓடவில்லை என்றால் மட்டும் எழுதுவார்கள்.

எது புதுசு என்று வெர்ஷன் எண்ணைப் பார்த்துத்தான் சிஸ்டம் முடிவு செய்யும். மொழியோடு வருவதே புதுசாகிவிட்டால் தனிப் பேக்கேஜ் தானாக விலகிக்கொள்ளும். இந்த வருடம் அப்படி ஒரு பதிப்பு வந்தது. இனிமேல் மாட்யூலைத் தனியாக விடப்போவதே இல்லை என்றும் அதைச் செய்கிறவர்கள் அறிவித்துவிட்டார்கள். தமிழ்ச்செல்விக்கு அழுகையே வந்துவிட்டது, சந்தோஷத்தில். கழுத்து எலும்பு தேய்ந்திருக்கிறது, குனிந்தே உட்காராதே என்று டாக்டர் திட்டியிருந்தார். கணவர் அழகுராஜா, பேட்டரிக் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டுச் சீக்கிரம் வந்துவிடுவதாகவும், யுனிவர்சிட்டி பக்கம் சேர்ந்து நடக்கலாம் என்றும் சொல்லி, அவளுக்கு ஷூ வாங்கி வந்தார். நடப்பதில் அவளுக்குப் பெரிய ஆசையில்லை. சாயங்காலத்தில் யாருக்கும் பதில் சொல்லாமல் இருந்தால் போதும்.

முதல் நாள் ஷூவை மாட்டிக்கொண்டு எழுந்தபோது மெயில் வந்தது. முகம் தெரியாத யாரோ. புதுப் பதிப்பைப் போட்டும் உங்கள் பழைய மாட்யூல்தான் ஓடுகிறது, என் ப்ரோகிராம் நின்றுவிட்டது என்று எழுதியிருந்தார்.

படித்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. எப்போதோ ஒருமுறை வெர்ஷன் எண்ணைத் தவறாகப் பெரிதாகப் போட்டுவிட்டாள். அடுத்துப் போட்ட சரியான சின்ன எண்ணைச் சிஸ்டம் பழசு என்று தள்ளியது. அதைச் சரிக்கட்ட, எண்ணுக்கு முன்னால் தனியாக ஒரு ‘1’ சேர்த்தாள். அது இருந்தால், அது இல்லாத மற்ற எல்லா எண்களையும்விட அந்தப் பேக்கேஜே புதுசு என்று சிஸ்டம் நம்பிவிடும். சேர்த்தால் பிறகு எடுக்க முடியாது, யோசித்துச் செய் என்று எல்லோரும் எச்சரிப்பார்கள். அன்றைக்கு அவளுக்கு அவசரம். இப்போது எத்தனை புதுசு வந்தாலும் அவளுடைய பழசு இடத்தைவிட்டு நகராது. அதே ‘1’ போட்ட, இன்னும் பெரிய எண்ணுள்ள ஒரு பேக்கேஜை அவளே அனுப்பினால்தான் நகரும்.

அழகுராஜா வாசலிலிருந்து எட்டிப் பார்த்தார்.

“வாரியா, இல்லையா?”

“நீங்க போங்க. ஒரு பேக்கேஜ் கட்டணும்.”

“எல்லாம் முடிஞ்சிருச்சுன்னியே. உள்ள என்னத்த வைக்கப்போற?”

“ஒண்ணும் இல்ல. வெறும் பெட்டி. பழச எடுத்துட்டு அந்த எடத்துல அது உக்காரணும். எல்லாரும் புதுசுக்கு மாறுற வரைக்கும், ரெண்டு வருசமாச்சும் ஒரு ஆளு அதப் பாத்துக்கிரணும்.”

யார் என்று அவர் கேட்கவில்லை. கேட்காததுதான் அவளுக்கு வலித்தது. கேட் சாத்தும் சத்தம் கேட்டது.

ஷூவைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள். ஒவ்வொரு ஃபைலாக அழித்தாள். எவ்வளவோ சாயங்காலங்கள் போட்டுத் திருத்தியவை, அழிக்க நேரமே ஆகவில்லை. பொறுப்பாளர் பெயரையும் அழித்துவிட்டு அனுப்பிப் பார்த்தாள். பெயர் இல்லாமல் ஏற்க முடியாது என்று திரும்பி வந்தது. கழுத்தைத் தேய்த்துக்கொண்டே தன் பெயரைத் திரும்ப அடித்து அனுப்பினாள்.

ஏற்றுக்கொண்டது. அந்தப் பெட்டிக்குள் இருந்தது அவள் பெயர் ஒன்றுதான்.